குறட்டை நிற்கும் இடம்

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருக்கலாம். ஓர் அரசு அலுவலகத்தில், மதிய வேளையில், நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து வாயைப் பிளந்தபடி ஒரு பெண் தூங்குகிறாள். ஃபேன் சத்தத்தை மீறிக் குறட்டை கேட்கிறது. மேசைக்கு முன்னால் மனுவோடு நிற்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். ஒருவர் தன் மனுவாலேயே அவளுக்கு விசிறி விடுகிறார். அப்போதும் அவள் விழிக்கவில்லை. யாரோ அதற்கு நாதஸ்வரம் வேறு சேர்த்துவிட்டிருந்தார்கள்.

அந்தப் பெண் நான்தான்.

பெயர் மங்கையர்க்கரசி. வீடு திருவரங்குளம். வேலை புதுக்கோட்டை டவுனில். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை, இன்னமும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். வீடியோவுக்குக் கீழே வந்திருந்த கருத்துகளை ஒன்றுவிடாமல் படித்தேன். எங்கள் வரிப்பணம் என்றவர்கள் உண்டு, எருமை என்றவர்கள் உண்டு. "நெத்தியில ஒரு ரூபாக் காச வச்சு விடுங்கப்பா" என்று ஒருவர் எழுதியிருந்தார். சிரிப்புக் குறிகள் அதிகமாக விழுந்தது அதற்குத்தான். எழுதியவர்களில் உண்மைக்கு மிக அருகில் வந்தவர் அவர்தான் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது.

என் மானத்தை மீட்டுக்கொள்ள இதை எழுதவில்லை. அது போனது போனதுதான். உங்கள் வீட்டில் யாராவது பெரிய குறட்டை விடுகிறவராக இருந்தால், அவரைப் பார்த்து நீங்கள் சிரித்திருந்தால், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

வீடியோ வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்பே தூக்கம் என்னைப் பிடித்து ஆட்டத் தொடங்கிவிட்டது. இரவு சீக்கிரம் படுப்பேன். காலையில் யாரோ போட்டு அடித்ததுபோல் எழுந்திருப்பேன். நெற்றியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் தலைவலி. இரவில் நாலைந்து முறை பாத்ரூம் போக எழ வேண்டியிருக்கும். பேருந்தில் உட்கார்ந்தால் போதும், இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போயிருக்கும். அலுவலகத்தில் முகம் கழுவுவேன், பச்சை மிளகாயைக் கடிப்பேன். கடைசியில் சேலை மடிப்பில் ஓர் ஊக்கு வைத்துக்கொண்டேன். கண் செருகும்போதெல்லாம் தொடையில் குத்திக்கொள்வேன். குளிக்கும்போது பார்த்தால் தொடை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள்.

என் கணவர் ராமநாதன் திருவரங்குளத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். அவருக்கு என் குறட்டை ஒரு வேடிக்கை. ஒருமுறை என் மகள் காவ்யா கோயம்புத்தூர்க் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள், என் நாத்தனாரும் வந்திருந்தார். நான் தூங்கும்போது மூவரும் சேர்ந்து என் குறட்டையைப் போனில் பதிவு செய்திருக்கிறார்கள். கணவர் தன் போனில் என் நம்பருக்கு அதையே ரிங்டோனாக வைத்துக்கொண்டார். நான் கூப்பிட்டால் உரக்கடையில் என் குறட்டை கேட்கும். யூரியா வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். "வீட்டுக்காரம்மா கூப்புடுறாக" என்று கடைப்பையன்கள் சொல்வார்கள். உறவுக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களிலும் அதைப் போட்டுக் காட்டினார். நானும் கூடவே சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருந்தால் இன்னும் இரண்டு முறை போட்டிருப்பார்.

புதுக்கோட்டையில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர் நான் உட்கார்வதற்கு முன்பே, "மொதல்ல எடையக் குறைங்க" என்றார். தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்தார், சரியாக இருந்தது. இரவில் அடிக்கடி விழிப்பு வருகிறது என்றேன். "டென்ஷன்மா, இந்த வயசுல பொம்பளைங்களுக்கு வர்றதுதான்" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை போட்ட பிறகு இரவில் விழிப்பது குறைந்தது. ஆனால் பகலில் ஊக்குகூட வேலை செய்யவில்லை. வீடியோ எடுக்கப்பட்டது அந்த மாதத்தில்தான்.

வீடியோ வந்த மறுநாளே கண்காணிப்பாளர் கூப்பிட்டுக் குறிப்பாணையை நீட்டினார். பணி நேரத்தில் உறங்கித் துறைக்குக் களங்கம் விளைவித்தது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அவர் சொன்னார்: "நெசமாவே சொல்றேம்மா, அன்னைக்கு ஒங்களப் பாத்துட்டு செத்துத்தான் போயிட்டீங்களோன்னு பயந்துட்டேன். குறட்டை கேட்டுச்சு. அப்பறம்தான் நிம்மதியாப் போயி ஒக்காந்தேன்."

அவர் என்னை எழுப்பவில்லை. அதைக் கேட்கத் தோன்றியபோது பேருந்தில் பாதி வழி வந்திருந்தேன்.

வீட்டில் ரிங்டோன் மாறியிருந்தது. கணவர் ஹாலில் படுத்துக்கொண்டார். "நாளைக்கு காவ்யாவுக்கு மாப்புள்ள பாக்கணும். எவன் போனத் தொறந்தாலும் அதுல நீ வாயப் பொளந்துக்கிட்டு இருக்க" என்றார். அத்தனை நாள் எல்லோருக்கும் போட்டுக் காட்டியது அவர்தான் என்று நான் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு விழித்திருக்க முடிந்தால்தானே.

என் தம்பி சரவணன் ஷார்ஜாவில் கிரேன் ஓட்டுகிறான். அந்தச் சமயத்தில் விடுமுறைக்கு வந்தான். வந்த முதல் நாள் எங்கள் வீட்டில்தான் தங்கினான். காலையில் காபி கொடுக்கப் போனபோது அவன் கண் சிவந்திருந்தது.

"தூங்கலையாடா?"

"நீ மூச்சு விடலக்கா" என்றான்.

கணவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து சிரித்தார். "மூச்சு விடாமயா மாப்புள்ள வீடே அதிருது?"

"சத்தம் வர்றப்ப இல்ல மச்சான். சத்தம் நிக்கிறப்ப. ரூமு வாசல்ல நின்னு பாத்தேன். நெஞ்சு ஏறுது, எறங்குது, ஆனா மூச்சு வரல. அப்பறம் தண்ணியில முங்குனவன் மேல வர்ற மாதிரி வெடுக்குன்னு இழுக்குறா. விடிய விடிய இதேதான்."

ஷார்ஜாவில் அவன் தங்கியிருந்த தொழிலாளர் முகாமில் ஒருவருக்கு இப்படி இருந்ததாம். அவரைப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் கேலி செய்து வேறு அறைக்குத் துரத்தினார்களாம். அங்கே அவருக்கு என்ன ஆனது என்று கேட்டேன். சரவணன் தன் கையிலிருந்த வாட்சைக் கழற்றி என் கையில் கட்டினான். "ராத்திரி கழட்டாத" என்றான்.

அது நேரம் காட்டுகிற வெறும் வாட்ச் இல்லை. அடிப்பக்கம் சின்ன விளக்குகள் இருக்கின்றன. அந்த வெளிச்சம் தோலுக்குள் போய்த் திரும்புவதை வைத்து நாடித் துடிப்பையும் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்பதையும் இரவு முழுக்கக் கணக்கிடும். கை அசைவைக் கொண்டு மூச்சு தடைபடுகிறதா என்றும் பார்க்கும். காலையில் போனில் கோடாக வரைந்து காட்டும். நன்றாக இருப்பவர்களுக்கு அந்த ஆக்சிஜன் கோடு தொண்ணூற்றைந்துக்கு மேலே அநேகமாக நேராக ஓடும். என்னுடையது சீப்புப் பல்போல் இருந்தது. கீழே விழுவதும் ஏறுவதுமாக, எழுபதுகள் வரை இறங்கியிருந்தது.

கணவர் எட்டிப் பார்த்தார். "இந்த வாட்ச யாரு கட்டுனாலும் இதத்தான் காட்டும்" என்றார்.

"அப்ப நீங்க கட்டிப் பாருங்க மச்சான்."

மறுநாள் இரவு அவர் கட்டிக்கொண்டு படுத்தார். காலையில் அவர் கோடு கம்பி இழுத்தமாதிரி நேராக இருந்தது. வாட்சைக் கழற்றி டீப்பாயில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனார்.

திரும்பவும் நான் கட்டிக்கொண்டேன். சில இரவுகள் கழித்து வாட்சே ஓர் எச்சரிக்கை அனுப்பியது. தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் அறிகுறிகள் தெரிகின்றன, மருத்துவரைப் பாருங்கள் என்றது. எனக்குப் பயம் வரவில்லை. அத்தனை வருடத்தில் என்னைச் சோம்பேறி என்று சொல்லாத முதல் ஆள் அந்த வாட்ச்தான்.

பழைய கிளினிக் டாக்டரிடமே போனோம். போனை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "வெளையாட்டுச் சாமானம்மா இதெல்லாம். நெட்டுல பாத்துட்டு வந்து எங்க உயிர வாங்காதீங்க." மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். வெளியே வந்ததும் சரவணன் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, "நாளைக்குத் திருச்சி போறோம்" என்றான்.

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் நுரையீரல் பிரிவு. சரவணனோடு கணவரும் காவ்யாவும் வந்தார்கள். காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டேன். விழித்தபோது எனக்கு இருபுறமும் நாற்காலிகள் காலியாக இருந்தன. எதிர்வரிசையில் ஓர் அம்மாள் தன் குழந்தையை மடிக்குள் இழுத்து வைத்திருந்தாள், ஒட்டிக்கொள்ளும் வியாதி என்று நினைத்திருக்க வேண்டும். காவ்யா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். என்னைத் தெரியாதவள்போல் அவளும் இரண்டு நாற்காலி தள்ளித்தான் இருந்தாள்.

டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர். டேப்பை எடுத்து என் கழுத்தை அளந்தார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். கணுக்காலை அழுத்தினார், குழி விழுந்தது. ரத்த அழுத்தத்தை இரண்டு முறை எடுத்தார். பிறகு போனில் இருந்த கோடுகளை ஒவ்வொரு இரவாகத் தள்ளிப் பார்த்தார்.

"இத வச்சு நோய்னு நான் சொல்ல முடியாது. வாட்ச் தப்பாவும் காட்டும். ஆனா இதப் பாத்துட்டு உங்கள வீட்டுக்கு அனுப்பவும் முடியாது" என்றார். "இவங்க குறட்டைய யாராவது ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கீங்களா?"

சரவணன் மச்சானைப் பார்த்தான். கணவர் சட்டைப் பையிலிருந்து மெதுவாகப் போனை எடுத்தார்.

ரிங்டோனாக வைத்திருந்தது ஆரம்பத் துண்டு மட்டும்தான். முழுப் பதிவை நான் கேட்டதில்லை. குறட்டை ஏறிக்கொண்டே போகிறது. சட்டென்று நிற்கிறது. அந்த அமைதியில் காவ்யாவின் குரல் கிசுகிசுக்கிறது: "அம்மா ஸ்விட்ச் ஆஃப்." நாத்தனாரின் குரல்: "இரு இரு, இப்ப வண்டி ஸ்டார்ட் ஆகும் பாரு." அடக்கி அடக்கிச் சிரிக்கிறார்கள். கணவர் "ஸ்ஸ்" என்கிறார். அமைதி நீள்கிறது. சிரிப்புத் தாங்காமல் ஒருவர் மூக்கால் சிரிக்கிறார். பிறகு தொண்டை கிழிகிறமாதிரி ஒரு சத்தத்தோடு என் மூச்சு திரும்ப வருகிறது. எல்லோரும் வெடித்துச் சிரிக்கிறார்கள்.

டாக்டர் தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மறுபடி போடுங்க" என்றார். மறுபடியும் கேட்டோம்.

"இந்த எடத்துல முக்கால் நிமிஷம் போல இவங்களுக்கு மூச்சு இல்ல" என்றார், குரலை உயர்த்தாமல். "நீங்க சிரிக்கிற எடம்."

கணவர் போனைப் பைக்குள் வைக்க முயன்றார். கை பையைத் தப்பி இரண்டு முறை சட்டையின்மேல் போனது.

டாக்டர் எங்களுக்கு விளக்கினார். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்துபோகும். எல்லோருக்கும் அப்படித்தான். சிலருக்கு ரொம்பவே தளர்ந்து மூச்சு போகும் வழியையே மூடிவிடும். "ஜூஸ் குடிக்கிறப்ப ஸ்ட்ரா அடைச்சுக்கிட்டா, உறிஞ்ச உறிஞ்ச ரெண்டு பக்கமும் ஒட்டிக்குமில்ல, அதுமாதிரி." நெஞ்சு இழுக்கும், காற்று வராது. ஆக்சிஜன் குறையும். மூளை பயந்துபோய் எழுப்பிவிடும். விழித்தது நமக்கே தெரியாது. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. இரவு முழுக்க இப்படி நடந்தால் எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்கிய கணக்கில் வராது. ரத்த அழுத்தம் ஏறும், இதயம் வீங்கும். தூக்கத்திலேயே நின்றும் போகலாம்.

நான் சாப்பிடும் மாத்திரைகளைக் கேட்டார். தூக்க மாத்திரை அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தவர் அதைத் தன் குப்பைக் கூடையில் போட்டார். "அடைக்கிறப்ப உங்கள எழுப்பி விடுறது ஒரே ஆளுதான், உங்க மூளை. இது அந்த ஆளயும் சேத்துத் தூங்க வச்சிரும்."

அன்றே என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ரத்தம், இ.சி.ஜி., இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ எல்லாம் எடுத்தார்கள். இதயத்தின் வலதுபக்கம் கொஞ்சம் விரிந்திருப்பதாகச் சொன்னார்கள். பெண்கள் வார்டில் முதல் இரவு கழிந்ததும் மற்ற நோயாளிகள் நர்ஸிடம் முறையிட்டார்கள். அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த ஒருத்தி, "இந்தப் பொம்பளைய எங்கிட்டாச்சும் கொண்டு போங்க, இல்லேன்னா என்ன வீட்டுக்கு அனுப்புங்க" என்று அழுதாள். அவளைக் குறை சொல்ல முடியாது, தையல் வலியோடு விழித்திருந்தாள். என் கட்டிலை வராந்தா ஓரம் பொருள்கள் போட்டு வைக்கும் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். காலியான குளுக்கோஸ் ஸ்டாண்டுகளும் உடைந்த சக்கர நாற்காலியும் நானும்.

அங்கே காவ்யாதான் துணைக்கு இருந்தாள். என் வயிற்றின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாளாம். குறட்டை நின்றால் தோளைப் பிடித்து உலுக்கினாளாம். விடிந்ததும் அவள் கண்கள் நான் தினமும் கண்ணாடியில் பார்க்கிற கண்கள்போல இருந்தன.

"அம்மா, நான் சிரிச்சிருக்கேன்ல" என்றாள்.

"ஆமா" என்றேன்.

பரவாயில்லை என்று சொல்லுவேன் என அவள் எதிர்பார்த்தாள். அப்போது எனக்கு அது வரவில்லை. இட்லியைப் பிட்டு எனக்கு ஊட்டினாள், வாங்கிக்கொண்டேன்.

தூக்கப் பரிசோதனை அதற்கடுத்து நடந்தது. தலைமுடிக்குள் பசை தடவி ஒயர்கள் ஒட்டினார்கள். கண்ணோரம், தாடை, கால், எல்லா இடத்திலும் ஒயர். நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை. மூக்கில் காற்றை அளக்கும் குழாய். விரலில் கிளிப். எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, "ஃப்ரீயாத் தூங்குங்கம்மா" என்றார்கள். தூங்கினதற்காக மெமோ வாங்கிய எனக்கு, தூங்கு என்று ஒருவர் சொல்வதைக் கேட்க ஒருமாதிரி இருந்தது. பாதி இரவில் என்னை எழுப்பி மூக்கின்மேல் ஒரு மாஸ்க்கைப் பொருத்தினார்கள். அதிலிருந்து ஒரு குழாய் சின்ன இயந்திரத்துக்குப் போனது. அந்த இயந்திரம் காற்றை மெல்லிய அழுத்தத்தோடு அனுப்பி, மூச்சுவழி ஒட்டிக்கொள்ளாமல் திறந்தே வைத்திருக்கும். முதலில் ஓடும் பேருந்தின் ஜன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டியதுபோல் திணறியது. பிறகு எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை.

அத்தனை வருடத்தில் எதுவும் ஞாபகம் இல்லாமல் விடிந்த முதல் காலை அதுதான். கண்ணைத் திறந்தால் ஜன்னலில் வெயில். தலை இருக்கிற இடமே தெரியவில்லை. பசித்தது. காவ்யாவிடம் ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தேன். அவள் பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டாள். அம்மா இவ்வளவு வேகமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

மாஸ்க் போடாத பாதி இரவில் என் மூச்சு ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக அறுபது தடவைக்கு மேல் தடைபட்டிருந்தது. முப்பதைத் தாண்டினாலே கடுமை என்பார்களாம். குடும்பத்தில் யாராவது தூக்கத்தில் இறந்திருக்கிறார்களா என்று டாக்டர் கேட்டார்.

எங்கள் அப்பா. ஐம்பது வயதைத் தாண்டிய புதிது. தெருக்கோடி வரை கேட்கும் குறட்டை அவருக்கு. ஒருநாள் காலையில் எழவில்லை. எழவு கேட்க வந்தவர்கள் எல்லாரும், "புண்ணியவான், நோகாமப் போயிட்டாரு" என்றார்கள். அம்மாவுக்குக்கூட அதில் ஓர் ஆறுதல் இருந்தது.

"நோகாமத்தானா டாக்டர்?" என்று சரவணன் கேட்டான்.

"இத்தன வருஷத்துக்கு அப்பறம் எதயும் சொல்ல முடியாது" என்றார் அவர். ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை. சரவணன் எழுந்து வெளியே போய்விட்டான். பிறகு அவனும் பரிசோதனை செய்துகொண்டான். அவனுக்கும் தொடக்க நிலையில் இருக்கிறது.

மருத்துவமனைச் செலவில் ஒரு பகுதி காப்பீட்டில் கழிந்தது. இயந்திரத்துக்குக் காப்பீடு இல்லை என்றார்கள், என் சங்கிலி வங்கிக்குப் போனது. இயந்திரத்தோடு வீட்டுக்கு வந்த வாரம் நாத்தனார் பார்க்க வந்தார். மாஸ்க்கைத் தூக்கிப் பார்த்து, "இதென்னடி, ஆனத் தும்பிக்கையாட்டம். காவ்யாவப் பொண்ணு பாக்க வர்றப்ப இத எங்கிட்டாச்சும் ஒளிச்சு வச்சிரு" என்றார்.

கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் சொன்னார்: "அதுலதான் அவ மூச்சு விடுறா. நீ பேசாம இரு."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. ஆனால் ஹாலிலிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு அறைக்கே திரும்பி வந்துவிட்டார். இப்போது சத்தம் இல்லாததால் அவருக்குத் தூக்கம் வருவதில்லையாம். அவ்வப்போது எழுந்து என் மூச்சைப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

அலுவலக விசாரணை பாக்கி இருந்தது. வெளியூரிலிருந்து ஓர் அதிகாரியை விசாரணை அலுவலராகப் போட்டிருந்தார்கள். திருச்சிப் பக்கமிருந்து தானே கார் ஓட்டிக்கொண்டு வந்தார். கனத்த உடம்பு, சட்டைக் காலரை நெரிக்கும் கழுத்து. மதிய உணவுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மருத்துவ அறிக்கைகளை மேசையில் வைத்து, டாக்டர் சொன்னதையெல்லாம் சொல்லத் தொடங்கினேன். தட்டச்சர் ஒருவர் பக்கத்தில் அதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய பேனா காகிதத்தில் கோணலாக ஒரு கோட்டை இழுத்துக்கொண்டு கீழே போனது. இமை செருகியது. தாடை தொங்கியது. குறட்டை வந்தது. தட்டச்சர் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். குறட்டை நின்றது. சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே வயிறு இழுத்து இழுத்துத் தவித்தது, காற்று வரவில்லை. நான் வெளியிலிருந்து அதைப் பார்ப்பது அதுவே முதல்முறை. மேசையைத் தட்டலாமா என்று கை தூக்கினேன். அதற்குள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு விழித்தார்.

"ம், சொல்லுங்க" என்றார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு நல்லது என்று தெரிந்தது. ஆனாலும் கேட்டேன். "சார், காலையில எந்திரிக்கிறப்ப ஒங்களுக்குத் தலவலிக்குதுங்களா?"

அவர் புரியாமல் பார்த்தார்.

"நீங்களே காரு ஓட்டாதீங்க சார். எனக்கு இருக்குறதுதான் ஒங்களுக்கும் இருக்குன்னு நெனைக்கிறேன். ஒரு வாட்ச் கட்டிப் பாருங்க, இல்ல நேரா டாக்டர்கிட்ட..."

தட்டச்சர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். அதிகாரியின் முகம் சிவந்தது. "தூங்குனதுக்கு விசாரணைக்கு வந்துட்டு, என்னயே தூங்குறேங்கிறியாம்மா?" என்றார். "வெளிய போங்க."

சில வாரங்களில் உத்தரவு வந்தது. குற்றச்சாட்டு நிரூபணமானது. மருத்துவச் சான்றுகள் சம்பவத்துக்குப் பின்னர் பெறப்பட்டவை என்பதால் ஏற்பதற்கில்லை. விசாரணையின்போது விசாரணை அலுவலரிடம் பொருத்தமற்ற முறையில் பேசியதும் கருத்தில் கொள்ளப்படுகிறது. என் ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். கண்காணிப்பாளர் அதை என்னிடம் கொடுத்துவிட்டு, "ஒங்களுக்கு ஏம்மா இந்த வேல?" என்று மட்டும் கேட்டார். மேல்முறையீடு போட்டேன். அது எந்த மேசையில் இருக்கிறது என்று இன்றுவரை தெரியாது. நான் இப்போது அலுவலகத்தில் தூங்குவதில்லை. ஆனால் மதியம் யாராவது என் மேசைக்கு வந்தால் முதலில் என் கண்ணைத்தான் பார்க்கிறார்கள். இரண்டொருவர் போனைக் கையில் தயாராக வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மாலை, தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண்மணி அந்த விசாரணை அதிகாரியின் பெயரைச் சொல்லி, அவர் மனைவி என்றார்.

"ஒங்க நம்பர அவருதாங்க குடுத்தாரு. கோவிச்சுக்காம கேக்கணும்."

மதுரைக்கு ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, கொடும்பாளூருக்குப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டே தூங்கிவிட்டாராம். கார் நடுத்தடுப்பில் மோதிப் புரண்டது. அவருக்கு இடுப்பெலும்பு உடைந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய தம்பிக்கு வலது கையை முழங்கைக்கு மேல் எடுத்துவிட்டார்கள். தம்பி மரவேலை செய்கிறவர். எலும்புக்காகச் சேர்ந்திருந்த மருத்துவமனையில், இரவில் மூச்சு நிற்பதைப் பார்த்து நர்ஸ்கள் டாக்டரிடம் சொன்னார்களாம். பரிசோதனை, இயந்திரம், மாஸ்க், எல்லாம் எனக்கு நடந்ததுபோலவே.

நான் காத்திருந்தேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. அந்தம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த மாஸ்க்கு போட்டா மூக்குத் தண்டுல புண்ணாகுதுங்க. தாங்க மாட்டேங்குறாரு, பாதியிலயே கழட்டி எறிஞ்சிர்றாரு. நீங்க என்ன பண்றீங்கன்னு கேக்கச் சொன்னாரு. தேங்காண்ண தடவலாங்களா?"

அதைக் கேட்கத்தான் கூப்பிட்டிருந்தார்கள். வேறொன்றும் இல்லை. உத்தரவைப் பற்றி அந்தம்மாளுக்கு ஏதாவது தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது. நாக்கு நுனி வரை ஒரு வார்த்தை வந்தது. போனின் பின்னணியில் கட்டில் கிரீச்சிடும் சத்தமும் ஒரு ஆண் முனகுவதும் கேட்டது.

"எண்ண தடவாதீங்க. ரப்பர் வீணாப் போயிரும்" என்றேன். "காலையில மாஸ்க்க சோப்புத் தண்ணியில கழுவிக் காய வைங்க. புண்ணு இருக்குற எடத்துல மெல்லிசா ஒரு பஞ்சுத்துணி வச்சுப் போடச் சொல்லுங்க. சைஸு சரியில்லேன்னாலும் புண்ணாகும், கடையில மாத்திக் குடுப்பாங்க."

அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார், எனக்கில்லை, பக்கத்தில் இருந்தவருக்கு. உள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. விசாரணை அறையில் கேட்ட அதே குரல், இப்போது கொஞ்சம் கம்மலாக: "மாஸ்க்குப் பட்டைய எவ்வளவு இறுக்கணும்னு கேளு."

"இறுக்கவே வேணாம்னு சொல்லுங்க" என்றேன். "பயத்துல இறுக்குவோம். இறுக்குனாத்தான் புண்ணாகும்."